தகடும் தன்னியக்கியும்

வவுனியாவிலிருந்து வடக்கே செல்லும் புகையிரதப் பாதை ஒற்றைப் பாதை. ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு என நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. தெற்கிலிருந்து வரும் வண்டியும் வடக்கிலிருந்து வரும் வண்டியும் அதே இரு தண்டவாளங்களின் மீதே ஓடவேண்டும். ஒன்றுக்கொன்று விலகிச் செல்வதற்கு நிலையங்களில் மட்டுமே இடமுண்டு. இரு நிலையங்களுக்கு நடுவே, பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்த காட்டிடையில், இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்துவிட்டால் அதன்பின் செய்வதற்கு யாதுமில்லை.

இப்பாதை காங்கேசன்துறை வரை முழுமையாகத் திறக்கப்பட்டது 1905 ஆம் ஆண்டில். 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிற்று. 1990 இல் வவுனியாவுக்கு வடக்கே சேவை நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டன. பாதை இருந்த இடம் பற்றையாயிற்று. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் மீண்டும் வண்டி வந்தது. இன்று அங்கே மின்னணுச் சமிக்ஞைகள் எரிகின்றன. ஆயினும் பழைய நாட்களில் அப்பாதையிற் பயணஞ்செய்த முதியோர் ஒரு காட்சியை மறந்திருக்கமாட்டார். வண்டி நிலையத்தினுள் வரும்போது, பெரியதொரு வளையத்திற் கோத்த தோற்பையை ஊழியர் ஒருவர் உயர்த்திப் பிடித்து நிற்பார். இயந்திரத்திலிருந்து நீளும் கை ஒன்று அவ்வளையத்தை வாங்கிக்கொள்ளும். தன்னிடமிருந்த வேறொரு வளையத்தைக் கொடுத்துவிடும். பையினுள் இருப்பது உலோகத்தாலான வட்டத் தகடு ஒன்று. புகையிரத ஊழியர் அதனை ‘டப்லட்’ என்பர். இரண்டு நிலையங்களின் பெயர்கள் அதிற் பொறிக்கப்பட்டிருக்கும். அந்தத் தகடு கையில் இல்லாமல் அந்த இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதையில் எந்தச் சாரதியும் வண்டியைச் செலுத்தலாகாது.

இத்தகடு தோன்றிய வரலாறு துயரமானது. 1874 செப்டெம்பர் 10 ஆம் நாள் இரவு, இங்கிலாந்தில் நொரிச் நகரை அடுத்த தோர்ப் என்னுமிடத்தில், ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதின. இருபத்தைந்து பேர் மாண்டனர். அங்கே தந்தி இருந்தது. தந்தி அனுப்பும் எழுதுவினைஞரும், அதிகாரியும், எழுத்து மூலமான விதிகளும் இருந்தன. ஒரு தந்தி அனுப்பப்படலாமா என்பதில் இருவரிடையே நேர்ந்த குழப்பமே உயிர்களைக் கொண்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1878 இல், எட்வர்ட் ரையர் என்பவர் தமது தகட்டுப் பொறியைக் காப்புரிமை செய்தார். மனிதனுடைய ஞாபகத்தில் இருந்ததை எடுத்து ஒரு பெட்டியினுள் வைத்தார் என்று அவர் செய்ததைக் கூறலாம்.

பெட்டி வேலைசெய்யும் விதம் இதுவே. ஓமந்தையில் ஒன்றும் புளியங்குளத்தில் ஒன்றுமாக இரு பெட்டிகள் உள்ளன என்று கொள்க. இரண்டும் மின்கம்பியால் இணைக்கப்பட்டவை. இரண்டிலும் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். ஓமந்தை நிலைய அதிபர் மணியடித்துக் கேட்பார்; புளியங்குளத்தார் இசைந்து தம் பக்கத்துப் பொத்தானை அழுத்துவார்; அப்போது மாத்திரமே ஓமந்தைப் பெட்டி ஒரு தகட்டை வெளியே விடும். விட்டதும் இரண்டு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். அதன்பின் இரு அதிபர்களும் ஒருமித்து விரும்பினாலும் இரண்டாவது தகடு வாராது. வெளியே போன தகடு புளியங்குளத்திலோ, வண்டி திரும்பி வந்துவிட்டால் ஓமந்தையிலோ, உள்ளே இடப்பட்ட பின்னரே பூட்டு அவிழும்.

இப்பெட்டிக்கு எவ்வளவு ஞாபகம் தேவை? காலையிலிருந்து எத்தனை வண்டிகள் சென்றன, எவை தாமதித்தன, சாரதி யார் என்பன ஒன்றும் அதற்கு வேண்டா. தகடு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்ற ஒன்றே போதும். நிலைகள் இரண்டு. ‘எடு’, ‘இடு’ எனும் கட்டளைகள் இரண்டு. உள்ளே இருக்கும் நிலையில் ‘எடு’ என்றால் வெளியே என்ற நிலைக்கு மாறும். வெளியே இருக்கும் நிலையில் ‘எடு’ என்றால் மாறாது, பூட்டியே நிற்கும். ‘இடு’ என்றால் பழைய நிலைக்கு வரும். ஒவ்வொரு நிலையிலும் ஒவ்வொரு கட்டளைக்கும் அடுத்த நிலை இன்னதென்று ஐயமின்றி வகுக்கப்பட்டுள்ளது. இத்தகைய அமைப்பினையே கணினி விஞ்ஞானிகள் நிர்ணய முடிவுறு தன்னியக்கி என்பர். முடிவுறு என்றது நிலைகளின் தொகை எண்ணிக்கைக்கு உட்பட்டது என்பதால். நிர்ணயம் என்றது அடுத்த அடி ஒன்றே ஒன்று என்பதால்.

ரையர் தம் பெட்டியைச் செய்தபோது இப்பெயர் பிறக்கவில்லை. 1943 இல் வாரன் மக்கலக், வால்ட்டர் பிற்ஸ் என்னும் இருவர் மூளையின் நரம்புக் கலங்களைப் பற்றிக் கணித முறையில் ஒரு கட்டுரை எழுதினர். அந்த நரம்பு வலைகள் எவற்றை அறியவல்லன என்ற கேள்வியை எடுத்துக்கொண்ட தருக்கவியலாளர் ஸ்டீபன் கிளேனி, 1951 இல் எழுதி 1956 இல் நூலொன்றில் வெளியான ஆய்வில் விடை கண்டார். மூன்றே செயல்களால், அதாவது ஒன்றன்பின் ஒன்றைத் தொடுத்தல், இதுவோ அதுவோ எனத் தெரிதல், வேண்டிய தடவை திரும்பச் செய்தல் என்பவற்றால் எழுதக்கூடிய கோலங்கள் எவையோ அவையே முடிவுறு தன்னியக்கிகளால் அறியப்படுபவை என்று அவர் நிறுவினார். நரம்பில் தொடங்கிய விசாரணை எழுத்துக் கோவைகளில் வந்து முடிந்தது ஒரு விந்தையே.

அடுத்து வந்தது இன்னும் பெரிய விந்தை. மைக்கேல் ராபின், டானா ஸ்கொட் என்னும் இரு இளைஞர்கள் 1959 இல் வெளியிட்ட கட்டுரையில் நிர்ணயமில்லாத தன்னியக்கி என்பதனை அறிமுகஞ் செய்தனர். ஒரே நிலையில், ஒரே எழுத்தைக் கண்டு, இரண்டு மூன்று வழிகளில் எதிலும் செல்லக்கூடிய பொறி அது. அவற்றுள் ஏதேனும் ஒரு வழி நல்ல முடிவில் நிற்குமாயின் பொறி ‘ஆம்’ என்று விடையளித்ததாகக் கொள்ளப்படும். புகையிரதப் பெட்டி இப்படி நடந்துகொண்டால் அழிவு நிச்சயம். ஆயினும் எழுத்தை வாசிக்கும் வேலையில் இது எத்துணை இயல்பானது என்பதை வன்னி ஊர்ப்பெயர்களே காட்டும.

வன்னி குளங்களின் நாடு. மாங்குளம், புளியங்குளம், கனகராயன்குளம், செட்டிகுளம், வவுனிக்குளம் என ஊர்ப்பெயர்கள் பெருகிக் கிடக்கின்றன. பெயர் ஒன்றினை எழுத்தெழுத்தாக வாசித்து, அது ‘குளம்’ என முடிகிறதா என்று சொல்லும் பொறி ஒன்று வேண்டும் என்று கொள்க. அதற்குப் பின்னோக்கிப் பார்க்கும் ஆற்றல் இல்லை; வந்த எழுத்துப் போனதுதான். ‘கு’ என்ற எழுத்தைக் கண்டதும் அது இருவகையாக எண்ணலாம். இறுதியிலுள்ள ‘குளம்’ இங்கேதான் தொடங்குகிறது என்பது ஒன்று. இது வேறு ஏதோ ஒரு ‘கு’, இன்னும் வாசிக்கவேண்டும் என்பது மற்றொன்று. நிர்ணயமில்லாத பொறி இரண்டு எண்ணங்களையும் விடாது பற்றிக்கொள்ளும்.

நெடுங்கேணிப் பக்கத்தில் குளவிசுட்டான் என்றோர் ஊர் உண்டு. அதன் முதலெழுத்திலேயே ஊகம் பிறக்கிறது. இரண்டாம் எழுத்தாகிய ‘ள’ அதனை வளர்க்கிறது. மூன்றாவதாக ‘வி’ வந்ததும் அது மடிகிறது. முல்லைத்தீவுக் குமுழமுனையில் ஊகம் இரண்டாம் எழுத்திலேயே மடிந்துவிடும். மன்னார் மாவட்டத்துக் குஞ்சுக்குளத்தில் முதல் ‘கு’ தந்த ஊகம் பொய்க்க, பின்னர் வந்த ‘கு’ தந்த ஊகம் பிழைத்து முடிவுக்குப் போய்ச் சேர்கிறது. இவ்வளவுக்கும் தேவையான நிலைகள் நான்கே: ஒன்றும் காணாத நிலை, ‘கு’ கண்ட நிலை, ‘குள’ கண்ட நிலை, ‘குளம்’ கண்ட நிலை.

ஊகிக்க வல்ல பொறிக்கு ஊகிக்கத் தெரியாத பொறியினும் ஆற்றல் மிகுதியாய் இருக்கும் என்று எவரும் எண்ணுவர். ராபினும் ஸ்கொட்டும் நிறுவியது அதற்கு மாறானது: இரண்டின் ஆற்றலும் ஒன்றே. அதற்கு அவர்கள் காட்டிய வழி, வீட்டில் காத்திருப்போர் அனைவரும் அறிந்ததே. வவுனியாவிலிருந்து காலையிற் புறப்பட்ட மகன் இப்போது எங்கே இருப்பான் என்று கிளிநொச்சியிலுள்ள தாய்க்குத் தெரியாது. புளியங்குளத்தில் இருக்கலாம், மாங்குளத்தில் இருக்கலாம், முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருக்கலாம். அவன் இருக்கும் இடம் அவளுக்கு ஐயம். ஆனால் அவன் இருக்கக்கூடிய இடங்களின் பட்டியல் அவளுக்கு ஐயமன்று. நேரம் செல்லச் செல்லப் பட்டியல் மாறும்; மாறும் முறையும் வரையறையானதே. அந்தப் பட்டியல் ஒவ்வொன்றையும் ஒரு தனி நிலையாகக் கொண்டால் நிர்ணயமான பொறி ஒன்று கிடைத்துவிடுகிறது. இருவருக்கும் 1976 ஆம் ஆண்டின் ரூரிங் பரிசு வழங்கப்பட்டபோது, அப்பரிசின் பொருட்டு எடுத்துரைக்கப்பட்டது இக்கட்டுரையே.

ஆயினும் ஊகத்தை நீக்குவதற்கு ஒரு விலை உண்டு. ‘குளம்’ என முடிகிறதா எனப் பார்க்கும் பொறியில் அவ்விலை தெரியாது; ஊகிக்கும் பொறிக்கும் நான்கு நிலை, ஊகிக்காத பொறிக்கும் நான்கு நிலை. கேள்வியைச் சிறிது மாற்றிப் பார்க்கவேண்டும். பெயரின் கடைசியிலிருந்து மூன்றாம் எழுத்து ‘கு’ தானா என்று மட்டும் கேட்போர் இருந்தால், ஊகிக்கும் பொறிக்கு அப்பொழுதும் நான்கு நிலை போதும். ‘கு’ ஒன்றைக் கண்டு ‘இதுதான் அது’ என்று துணிந்து, பின்னர் இரண்டு எழுத்தை எண்ணி, பெயர் முடிந்ததா என்று பார்த்தல் அதன் வேலை. ஊகிக்கத் தெரியாத பொறியோ, பெயர் எப்போது முடியும் என்று அறியாமையால், கடைசியாக வந்த மூன்று எழுத்துக்களில் எவை எவை ‘கு’ என்பதை எப்போதும் நினைவில் வைத்திருக்கவேண்டும். அதற்கு எட்டு நிலைகள் தேவை. கடைசியிலிருந்து பத்தாம் எழுத்து என்று கேட்டால் ஊகிக்கும் பொறிக்குப் பதினொரு நிலை, மற்றதற்கு 1,024. இருபதாம் எழுத்தாயின் இருபத்தொன்றுக்கு எதிராக 10,48,576. ஆற்றல் ஒன்றே எனினும் அளவு ஒன்றன்று. இத்துறையிற் புகும் மாணவர் முதலில் திகைக்கும் இடம் இது, திகைக்கவேண்டிய இடமுந்தான்.

நடைமுறையில் இதற்கொரு சமரசம் உண்டு. 1968 இல் கென் தொம்சன் என்பவர், எல்லாப் பட்டியல்களையும் முன்கூட்டியே எழுதி வைக்காமல், வாசித்துச் செல்லுகையில் அப்போதைக்கு வேண்டிய பட்டியலை மாத்திரம் வைத்துக்கொள்ளும் முறையை வெளியிட்டார். கணினியில் இன்று சொற்களைத் தேடுவோர் பலர் அம்முறையின் வழித்தோன்றல்களையே, பெயர் அறியாமல், பயன்படுத்துகின்றனர்.

தேடுதல் என்பது வன்னியில் வெறும் ஆராய்ச்சிப் பொருளன்று. 2009 இல் இலட்சக்கணக்கான மக்கள் இடம்பெயர்ந்து செட்டிகுளத்தை அடுத்த மெனிக்பாம் முதலிய முகாம்களில் இருந்தனர். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்திற் பதியும்போது ஒருவர் ஒருவிதமாகவும் மற்றொருவர் வேறுவிதமாகவும் எழுதுவர். ஒரு தாய் இரு பட்டியல்களில் இரு வேறு பெண்களாகிவிடுவாள்; தேடி வரும் மகன் மூன்றாவது எழுத்து முறையைச் சொன்னால் அவள் எந்தப் பட்டியலிலும் இல்லாதவள். மனிதர் பெயரை விட்டு ஊர்ப்பெயர் ஒன்றையே பார்த்தாலும் இது விளங்கும். முல்லைத்தீவு என்பதை ஆங்கில எழுத்தில் எழுதுவோர், ‘முல்லை’ என்பதற்குப் பின் ‘ரீ’ எழுத்தை ஒருமுறை இடுவர் அல்லது இருமுறை இடுவர். அதனோடு ‘எச்’ சேர்ப்பர் அல்லது விடுவர். ‘தீ’ என்பதன் நெடிலுக்கு ‘ஐ’ ஒன்றை அல்லது ‘ஈ’ இரண்டை எழுதுவர். இரண்டு, இரண்டு, இரண்டு எனப் பெருக்கினால் எட்டு எழுத்து முறைகள். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடலுக்கு இவை எட்டு ஊர்கள். நிர்ணயமில்லாத தன்னியக்கி ஒன்றிலோ, தொடக்கமும் முடிவும் ஒன்றாய் நடுவில் மூன்று இடங்களில் மட்டும் கிளைத்துக் கூடும் பாதை அது. எட்டும் ஓர் ஊரே. இந்தக் கிளைகளை வகுத்துக் கொடுக்க, தமிழ் ஒலி எவ்வெவ்வாறு ஆங்கில எழுத்தாகும் என்று அறிந்த ஒருவர் வேண்டும். பொறி தானாக அதனை அறியாது.

தமிழ் எழுத்திலேயே தேடினும் சிக்கல் தீர்வதில்லை. வேறு வடிவில் வருகிறது. ‘குளம்’ என்று தேடுவோனுக்குக் ‘குளத்தில்’ அகப்படாது; ‘குளங்களிலிருந்தும்’ அகப்படாது. மகரம் கெட்டு ‘அத்து’ச் சாரியை தோன்றுதலும், மகரம் ஙகரமாய்த் திரிதலும் இலக்கணம் கற்றோர் அறிந்தவை, கணினி அறியாதவை. ஆனால் தமிழில் ஒரு நன்மை உண்டு. பெயரின் பின் பன்மை விகுதி, அதன்பின் வேற்றுமை உருபு, அதன்பின் ‘உம்’ என்று ஒட்டுக்கள் ஓர் ஒழுங்கில் நிற்கின்றன. மாங்குளத்தைத் தாண்டாமல் எந்த வடக்கு நோக்கிய வண்டியும் கிளிநொச்சியை அடையாதது போல, பன்மைக்கு முன் வேற்றுமை வாராது. இவ்வாறு நிலையம் நிலையமாகச் செல்லும் அமைப்பு முடிவுறு தன்னியக்கிக்கு மிக இசைந்தது. பின்லாந்து மொழிக்கு 1983 இல் கிம்மோ கொஸ்கெனியெமி இவ்வகையான ஒரு முறையை ஆக்கிக் காட்டினார். தமிழுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த க. சர்வேஸ்வரன், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்து கிஹான் டயஸ், ஜேர்மனியின் கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழகத்து மிரியம் பட் ஆகியோர் ‘தமிழிமோர்ப்’ என்னும் சொல்லாய்வுப் பொறியை ஆக்கி, 2021 இல் அதுபற்றிய கட்டுரையை வெளியிட்டனர். அடிப்படையில் அது ஒரு தன்னியக்கியே; ‘ஆம்’, ‘இல்லை’ என்று மாத்திரம் கூறாமல், போகும் வழியில் கண்ட உறுப்புக்களின் பெயர்களையும் எழுதிக்கொண்டே செல்லும் வகையினது.

அத்தகைய பொறியிடம் ‘பாலை’ என்ற சொல்லைக் கொடுத்தால் என்ன நிகழும்? வன்னியிற் பிறந்தவருக்கு அது முதலில் மரம். வெயிற் காலத்தில் மஞ்சளாய்ப் பழுத்து, உண்டவர் உதட்டில் ஒட்டிக்கொள்ளும் பழத்தைத் தரும் மரம். சமையலறையில் நிற்பவருக்கு அது பால் என்ற பெயரும் ‘ஐ’ என்ற இரண்டாம் வேற்றுமை உருபும் சேர்ந்தது. புலவருக்கு அது ஐந்திணையுள் ஒன்று. எழுத்து மூன்றுக்கும் ஒன்றே. ‘பால்’ வரை வந்த பொறி, சொல் முடிந்து உருபு தொடங்குகிறது என்று ஒரு வழியிலும், சொல் இன்னும் முடியவில்லை என்று மறு வழியிலும் செல்கிறது. இரண்டும் நல்ல முடிவிலேயே நிற்கின்றன. ஆகவே இரண்டு விடைகளையும் அது தருகிறது. அடுத்து வருவது ‘காய்ச்சினாள்’ என்ற சொல்லா, ‘மரம்’ என்ற சொல்லா என்று பார்த்து ஒன்றைத் தள்ளுவது வேறொரு பொறியின் வேலை. விடை இரண்டு என்று தெரிந்தும் ஒன்றை மட்டும் சொல்லும் பொறியைவிட இரண்டையும் சொல்லும் பொறியே நம்பத்தக்கது.

இவ்வியல் இன்று கணினி விஞ்ஞானம் கற்போர் எங்கும் தொடக்கத்திலேயே படிக்கும் பாடமாயிற்று. வவுனியாவில் 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகத் தோன்றியது 2021 ஓகஸ்ட் முதல் தனிப் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. அந்நகரின் பெயரால் புகையிரத நிலையமும் ஒன்றுண்டு. அங்கு வந்திறங்கும் மாணவர் பலர், தமது வண்டிக்கு வழிவிட்ட சமிக்ஞையே தமது பாடத்தின் உதாரணம் என்பதை எண்ணிப் பார்த்ததில்லை போலும்.

முடிவுறு தன்னியக்கியால் ஆகாதது யாது? எல்லையின்றி எண்ணுதல் ஆகாது. வடக்கே போன வண்டிகளும் தெற்கே வந்த வண்டிகளும் தொகையிற் சமமா என்று, எத்தனை ஆண்டு சென்றாலும் பிழையாது சொல்லும் பெட்டியை எவராலும் இவ்வகையிற் செய்ய முடியாது. நிலைகள் எத்தனை வைத்தாலும் அத்தொகையை மிஞ்சும் வேறுபாடு ஒருநாள் வந்தே தீரும். அன்று பொறி இரண்டு வெவ்வேறு எண்களை ஒன்றென மயங்கும்.

தகட்டுப் பெட்டிக்கு இது கவலையன்று. அது எண்ணுவதற்காகச் செய்யப்படவில்லை. ஆனால் எண்ணிக்கை வேறு வழியாக வந்து கதவைத் தட்டும். ஓமந்தைக்கும் புளியங்குளத்துக்குமாக இருபத்து நான்கு தகடுகள் உள்ளன என்று கொள்க. அவை இரு பெட்டிகளிலும் பகிர்ந்திருக்கும் விதங்கள், எல்லாம் உள்ளே இருக்கையில் இருபத்தைந்து. ஒன்று வெளியே இருக்கையில் இருபத்து நான்கு. ஆக நாற்பத்தொன்பது நிலைகள். வடக்கே போகும் வண்டிகள் சில நாட்கள் தொடர்ந்து மிகுந்துவிட்டால், தகடுகள் யாவும் புளியங்குளத்திற் போய்ச் சேர்ந்து ஓமந்தைப் பெட்டி வெறுமையாகும். அப்போது பாதை வெறிதாய்க் கிடக்கும், புளியங்குளத்தாரும் இசைவார், பூட்டும் அவிழும், எடுக்கத் தகடு இராது. அந்த நிலையிலிருந்து மீளும் வழி பெட்டியின் விதிகளுக்குள் இல்லை. அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலர் ஒருவர் திறப்புடன் வந்து, புளியங்குளப் பெட்டியைத் திறந்து, தகடுகளில் ஒரு பகுதியை எண்ணி எடுத்து, புத்தகத்திற் பதிந்து, ஓமந்தைக்குக் கொண்டுபோய் அடுக்குவார்.